தண்ணிக்கு ஆர் சொன்னது?

விலை கேட்காமல் எதையும் கையில் எடுக்காதவர் ஞானேஸ்வரன். கேட்ட விலையைக் கொடுத்தவரும் அல்லர். தென்லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் அவருடைய மீன், மரக்கறிக் கடைக்கு முப்பது வயது. அந்த முப்பது வருடத்தில் எந்த மொத்த வியாபாரியும் வாய் திறந்து சொன்ன முதல் விலைக்கு ஒரு பெட்டி முருங்கைக்காயை அவரிடம் இறக்கிவிட்டுப் போனதில்லை. பல்லுப் பிடுங்கப் போன இடத்திலும், வாயைத் திறந்தபடியே, "ரெண்டை ஒண்டா எடுத்தா என்ன மாதிரி?" என்று டொக்டரைக் கேட்டவர். முதலில் சொல்வது ஒருபோதும் உண்மையான விலை அல்ல, அதற்குக் கீழே ஒன்று இருக்கும், அதற்கும் கீழே இன்னொன்று இருக்கும் என்பது அவருடைய வேதம்.

அப்படிப்பட்டவர் செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், கடையை விட்டுவிட்டுத் தமிழ் முதியோர் சங்கத்தின் மினிபஸ்ஸில் மனைவி நகுலேஸ்வரியின் பக்கத்தில் இருந்தார். முகம் பழுதான மீனைப் பார்த்த முகமாக இருந்தது.

எல்லாம் ஒரு துண்டுப் பிரசுரத்தால் வந்த வினை. சங்கச் செயலாளர் ஆனந்தராஜா அதைக் கோயில் மண்டபத்தில் வாசித்தார். தேம்ஸ் நதிக்கரை ஈரநிலத்தில் ஒரு நாள் சுற்றுலா, பறவைகள், நீர்நாய்கள், கூடவே வட அவுஸ்திரேலியக் கரையிலிருந்து வந்திருக்கும் ஆதிகுடிப் பெண் ஒருவர் கூட்டிச் சென்று தங்கள் வாழ்க்கை முறையை விளக்குவார். மற்றவர்கள் சாப்பாடு யார் கொண்டுவருவது என்பதில் இறங்கிவிட்டார்கள். நகுலேஸ்வரியின் மனம் வட அவுஸ்திரேலியக் கரையிலேயே ஒட்டிக்கொண்டது.

"அந்த மனிசியின்ர ஆக்கள் கடற்கரையோடதானே இருக்கினமாம்? வள்ளத்தில வந்த பெடியளைக் கண்டிருப்பினம்."

"இஞ்சரப்பா, அவுஸ்திரேலியா எண்டா என்ன எங்கட தெருவே? கரை மட்டும் ஆயிரக்கணக்கான மைல்."

"கேட்டா என்ன குறைஞ்சுபோடும்?"

அது கடையில் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லும் ஞானேஸ்வரனுடைய சொந்தச் சரக்கு. தம்முடைய சரக்கையே தமக்கு விற்க வருகிறவளிடம் என்ன பேரம் பேசுவது? பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அவளுடைய கைப்பையில், பிளாஸ்ரிக் உறைக்குள், ஒரு படம் இருந்தது. அவளுடைய தம்பி சுஜீத். அவளுக்குப் பதினாறு வயது இளையவன். தாய் செத்தபோது அவனுக்கு இரண்டு வயது. குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் சேர்த்தது எல்லாம் அவள்தான். லண்டனுக்குக் கூப்பிட இரண்டு தரம் விசாவுக்குப் போட்டு இரண்டு தரமும் இல்லை என்று வந்தது. 2013இல் அவன் அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் ஏறினான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடையின் குளிரறைக்குள் நின்ற ஞானேஸ்வரனுக்குப் போன் வந்தது. கடலிலிருந்து பேசும் போன். "அத்தான், எஞ்சின் நிண்டிட்டுது. தண்ணி ஏறுது." பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். மொத்தம் நாற்பது வினாடி. அதில் வேறும் சில சொற்கள் இருந்தன. அவற்றை ஞானேஸ்வரன் தமக்குத் தாமேகூடத் திருப்பிச் சொல்லிப் பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது நகுலேஸ்வரி கேட்டாள்: "ஆர்? தம்பியோ?"

"ஓம். கரை தெரியுதாம்."

சொன்னபோது அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. இன்றைக்கு நல்ல செய்தி. நாளைக்குக் கொஞ்சம் குறைச்சல். அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம். படிப்படியாக இறக்கி, தாங்கக்கூடிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று நினைத்தார். வாழ்நாள் முழுக்க அப்படித்தானே ஆட்களைச் சம்மதிக்க வைத்தவர். ஆனால் அவள் பேரமே பேசவில்லை. முதல் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வள்ளத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை; ஆனாலும் கரையைக் கண்டவன் கரையேறாமல் எங்கே போவான்? பிடித்து ஏதோ தீவில் வைத்திருக்கிறார்கள், பெயரை மாற்றிக் கொடுத்திருப்பான், தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்கும். வருடத்துக்கு ஒரு கதையாகப் பன்னிரண்டு கதைகள் அவளிடம் இருந்தன.

வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் அவன் பெயருக்கு, பூரட்டாதி நட்சத்திரத்துக்கு, அருச்சனை வைத்தாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு வைக்கிற அருச்சனை. ஞானேஸ்வரனோ ஆண்டுக்கொரு முறை, ஜூன் மாதத்தில், அரிசி ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறி ரெய்னர்ஸ் லேன் பக்கம் தம்மை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்குப் போய், அதே பெயருக்கு மோட்ச அருச்சனை செய்துவிட்டு வருவார். ஒரே சுஜீத்துக்கு, லண்டனின் தெற்கே நீண்ட ஆயுளும் வடக்கே மோட்சமும் கேட்கப்பட்டன. கடவுள் எந்த மனுவை எடுத்தாரோ.

*

வழிகாட்டியின் பெயர் டொரீன். அறுபது வயதிருக்கும். குட்டையான, கனத்த உடம்பு, நரைத்த சுருள்முடி, லண்டன் செப்டெம்பரே அவருக்கு மார்கழியாக இருக்க, இரண்டு ஸ்வெட்டரும் அதன்மேல் ஒரு மழைக்கோட்டும். சிரித்தால் முகம் முழுக்கச் சிரித்தது.

"பருத்தித்துறைப் பக்கம் எண்டாலும் நம்பலாம்" என்றார் ஆனந்தராஜா.

கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. கடைக்குரல் உள்ளவர் என்று ஞானேஸ்வரனை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. மொழிபெயர்ப்பு கையில் இருந்தால் மதகும் கையில் இருக்கும். எதைத் திறந்துவிடுவது, எதை அடைப்பது என்று தாமே பார்த்துக்கொள்ளலாம்.

வாசலிலேயே அதற்கு வேலை வந்தது. டொரீன் தாம் லண்டனுக்கு வந்த காரணத்தைச் சொன்னார்: "என் பாட்டனாரின் சகோதரருடைய எலும்புகள் இங்கே ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைக்குள் நூறு வருடமாகக் கிடக்கின்றன. அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தேன். பத்திரங்கள் இன்னும் முடியவில்லை. முடியும்வரை சும்மா இருக்காமல் உங்களோடு நடக்கிறேன்."

ஞானேஸ்வரன் தமிழில் சொன்னார்: "மியூசியத்தில அவையின்ர குடும்பச் சாமான் கொஞ்சம் இருக்காம். எடுத்துக்கொண்டு போக வந்தவவாம்."

"ஞானேஸ் அண்ணை, பாதியை விட்டிட்டியள்" என்றார் ஆனந்தராஜா.

"ஓசியிலதானே செய்யிறன். ஓசிக்குப் பாதிதான்."

நாணல் ஓரத்தில் மரப்பலகை பாவிய ஒரு மேடையில் டொரீன் எல்லாரையும் நிறுத்தினார். "எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்தால், அந்த இடத்துக்காரர் ஒருவர் அவருடைய தலையில் தண்ணீர் விட்டு, இவர் இன்னார், இவரைப் பார்த்துக்கொள் என்று தண்ணீருக்குச் சொல்வார். சொல்லாவிட்டால் தண்ணீருக்கு ஆளைத் தெரியாது. தெரியாத ஆளை அது எப்படி நடத்தும் என்று சொல்ல முடியாது. இங்கே நான்தான் புதியவள். உங்களில் யார் இந்த இடத்துக்காரர்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதினான்கு பேர் யாழ்ப்பாணம். ஈரநிலத்தின் தொண்டராகக் கூடவந்த வெள்ளைக்காரக் கிழவர், தாம் பேர்மிங்ஹாம் என்று சொல்லிப் பின்வாங்கினார். லண்டன் தண்ணீருக்கு ஆள் சொல்ல லண்டனில் ஆளில்லை.

"ஞானேஸ் அண்ணை போகட்டும். முப்பது வருசமா கவுன்சில் வரி கட்டுறார். இந்தத் தண்ணியில ஒரு வாளியாவது அவருடையதாத்தான் இருக்கும்" என்றார் ஆனந்தராஜா.

எல்லாரும் கைதட்டினார்கள். ஞானேஸ்வரன் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி டொரீனின் நரைமுடியில் விட்டு, நாடகக்காரன் மாதிரிக் குளத்தைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணியம்மா, இவ எங்கட ஆள். தூரத்தில இருந்து வந்தவ. பார்த்துச் செய்யுங்கோ!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. திரும்பி வந்து நின்றபோது நகுலேஸ்வரி மெல்லக் கேட்டாள்:

"அவன் போன இடத்தில தண்ணிக்கு ஆர் சொன்னது?"

"ஆருக்கு?"

"தம்பிக்கு. இவையின்ர கரையில போய் இறங்கினவன்தானே. அவனை இன்னார் எண்டு தண்ணிக்குச் சொல்ல ஆர் இருந்தது?"

கையில் இருந்த ஈரத்தைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.

அடுத்து ஒரு வேலிக்குள் கறுப்புக் கழுத்தும் வெள்ளை வயிறும் உச்சந்தலையில் கொண்டை முடிச்சுமாகப் பெரிய வாத்துகள் சில நின்றன. பலகையில் அவுஸ்திரேலியாவின் வடக்கு முனை பச்சை நிறத்தில் போட்டிருந்தது. டொரீன் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "என் ஊர்க்காரர்" என்றார். "இங்கே சொல்லக்கூடாது, ஆனால் எனக்கு வாயூறுகிறது."

"கிலோ என்ன போகும்?" என்று ஞானேஸ்வரன் கேட்டார்.

"ஒரு தோட்டா. அதோடு நாள் முழுக்க இறகு பிடுங்குகிற வேலை."

"வேலைக்கூலி கூடிப்போச்சு" என்றார் ஞானேஸ்வரன். டொரீன் குலுங்கிச் சிரித்தார். எல்லா வாத்துகளுக்கும் ஒரு செட்டையின் நுனி இல்லை. பறக்காமலிருக்க வெட்டியிருப்பதாகப் பேர்மிங்ஹாம்காரர் சொன்னார். "இங்கே பொரித்தவை. விட்டாலும் எந்தப் பக்கம் என்று தெரியாது" என்றார் டொரீன்.

நகுலேஸ்வரி வாத்தையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. டொரீனையே பார்த்தாள். "எப்ப கேக்கிறது?"

"பொறு. சாப்பாடு முடியட்டும். வயிறு காய்ஞ்ச ஆளிட்ட ஒண்டும் கேக்கக்கூடாது."

சாப்பிடப் போன வழியில்தான் அந்த வாங்கு வந்தது. குளத்தைப் பார்த்தபடி உட்காரப் போட்ட ஒரு மரவாங்கு; முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு; இந்த இடத்தை நேசித்த இன்னாரின் நினைவாக என்று, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் போட்டிருந்தது. டொரீன் அதைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"இந்த ஊரில் இறந்தவரின் பெயரை எழுதி அதிலேயே சாய்ந்து உட்காருகிறார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை. எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை, எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்கிறேன். ஒருவர் போய்விட்டால் வெகுகாலத்துக்கு அவர் பெயரைச் சொல்லமாட்டோம். அவருடைய படத்தைப் பார்க்கமாட்டோம். யாராவது கையில் தந்தால் கவிழ்த்து வைத்துவிடுவோம். கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவர் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்."

காலையிலிருந்து சாவு என்ற பேச்சு வந்த இடமெல்லாம் மதகை இறக்கியவர் ஞானேஸ்வரன். இதையும் இறக்கியிருக்கலாம். ஆனால் இதில் ஒரு பகிடி இருந்தது. பகிடியை விட்டுக்கொடுக்க அவரால் ஏலாது. அது அவருடைய பிறவிக் குணம்.

"கேட்டியளே, செத்தவற்ற பேரைச் சொல்லக்கூடாதாம், படம் பார்க்கக்கூடாதாம்! எங்கட ஆக்கள் எண்டா உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் எட்டிப் பாராயினம். செத்தவுடன படத்தை ஆளுயரத்துக்கு அடிச்சு, இணையத்தில போட்டு, முப்பத்தோராம் நாள் கல்வெட்டெண்டு ஒரு நினைவுப் புத்தகத்தில பாட்டும் எழுதி, வாற சனத்துக்கெல்லாம் குடுத்து அனுப்புவம்! இவையிட்டப் படத்தைக் குடுத்தா இப்பிடி," என்று தம் இடக்கையை விரித்து, வலக்கையை அதன்மேல் கவிழ்த்து வைத்துக் காட்டினார், "இப்பிடிக் கவிட்டு வைச்சிடுவினமாம். செலவே இல்லை!"

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அவர் கவிழ்த்துக் காட்டிய கையை நகுலேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

புட்டுப் பார்சலும் கட்லட்டும் முடிந்து பிளாஸ்க் தேநீர் சுற்றிவந்தபோது அவள் எழுந்தாள். "இப்ப."

டொரீன் சிறிய மரப்பாலத்துக்கு அப்பால், மற்றக் கரையில், தனியே ஒரு கட்டையில் இருந்து கட்லட் தின்றுகொண்டிருந்தார். நடுவில் முப்பதடித் தண்ணீர்.

"நான் கேட்டுக்கொண்டு வாறன். ரெண்டு பேரும் போனா அந்த மனிசி வெருண்டுபோகும். நீ இதில இரு."

பித்தளைத் தகடு வைத்த அந்த வாங்கிலேயே அவளை இருத்தினார். அவள் கைப்பையைத் திறந்து படத்தை உறையோடு எடுத்து, சேலைத் தலைப்பால் ஒருக்கால் துடைத்தாள்.

"வடிவாக் காட்டுங்கோ. இது சிரிக்கிற படம். அங்க போய்ச் சிரிச்சிருக்கமாட்டான், அதையும் சொல்லுங்கோ. தாடி விட்டிருப்பான். இடது புருவத்தில வெட்டுக்காயம், அடையாளம்."

"ஓம், ஓம்."

பாலத்தைக் கடக்கும்போதே பதிலைத் தயாரித்துவிட்டார். பார்த்தவ, ஞாபகமில்லையாம், ஆனால் கனபேர் வந்தவையாம். இன்னும் ஒரு ஐந்து வருடத்துக்குப் போதும். டொரீனிடம் ஒன்றும் கேட்கவேண்டிய தேவைகூட இல்லை. படத்தைக் காட்டுவதுபோல் காட்டினால் சரி.

டொரீன் கையைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். படம் பாதி வெளியே வரும்போது நிறுத்தினார்.

"முதலில் சொல்லுங்கள். இவர் இருக்கிறாரா, போய்விட்டாரா?"

"உங்கள் கரைப் பக்கமாக வள்ளத்தில் வந்தவர்."

"இருக்கிறாரா, போய்விட்டாரா?"

"பன்னிரண்டு வருடம். செய்தியில்லை."

"செய்தியில்லை, சரி. உங்களுக்கே தெரியாதா?"

ஞானேஸ்வரன் அந்தக் கண்களைப் பார்த்தார். எத்தனையோ வியாபாரிகளின் கண்களைப் பார்த்தவர். எங்கே இளகும், எங்கே இறங்கும் என்று படித்தவர். இந்தக் கண்களில் இறங்குவதற்கு இடமே இருக்கவில்லை. கேட்டது ஒன்று, விலை ஒன்று.

திரும்பிப் பார்த்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நகுலேஸ்வரி கழுத்தை நீட்டி இருந்தாள். முப்பதடி. காதில் விழாது. விழுந்தாலும் ஆங்கிலம். இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று; அதில் என்ன புதுமை? இறக்குமதி ஆளிடம் ஒரு மொழியில் ஒன்றும் வாடிக்கையாளரிடம் மற்ற மொழியில் வேறொன்றும் சொல்லித்தானே இத்தனை வருடம் கடை நடத்தினார்.

"இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "செத்துவிட்டான். அன்றைக்கே."

சொன்னபிறகுதான், இந்தச் சொல்லை ஒரு மனித உயிரிடம் இதுவரை சொன்னதில்லை என்பது அவருக்கு உறைத்தது.

டொரீன் படத்தை வெளியே எடுக்கவில்லை. உறையோடு அதைத் தம் மடியில் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கே இருப்பவர்?"

"என் மனைவி. இவனுடைய அக்கா."

"அவருக்குத் தெரியாது."

அது கேள்வி அல்ல.

"இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா?"

"வெள்ளிக்கிழமை தோறும்."

டொரீன் கண்ணை மூடித் திறந்தார். "ஊருக்குப் போனதும் எங்கள் கரையில் நின்று தண்ணீரிடம் சொல்கிறேன். ஒரு பையன் வந்தான், அவனைப் பற்றிச் சொல்ல ஆளிருக்கவில்லை, இப்போது நான் சொல்கிறேன் என்று. பெயர் வேண்டாம். அக்கா அவனை என்ன என்று கூப்பிடுவார்?"

"தம்பி."

"தம்பி," என்று டொரீன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு படத்தைக் கவிழ்த்தபடியே இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

*

"பார்த்தவ," என்றார் ஞானேஸ்வரன், வாங்கின் ஓரத்தில் இருந்தபடி. "வடிவாப் பார்த்தவ. ஞாபகம் இல்லையாம். ஆனா அந்த வருசம் கனபேர் கரைக்கு வந்தவையாம். உள்ளுக்குக் கொண்டுபோய் வேற வேற இடத்தில—"

"அவ பார்க்கேல்லை."

"என்ன?"

"கவிட்டு வைச்சவ."

"அது வெயில் பட்டு மினுங்கினது. அதுதான்—"

"நீங்கள்தானே கையால செய்து காட்டினனீங்கள்."

குளத்தில் ஒரு நீர்க்காகம் மூழ்கியது. அது எங்கே எழும்பும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பயிருந்து தெரியும்?" என்று கேட்டாள். குரலில் அழுகை இல்லை.

"இப்ப ஒரு ரெண்டு வருசம். ஒருத்தர் சொல்லி..."

அவள் காத்திருந்தாள்.

"அஞ்சு வருசம் எண்டு வையன்."

"வைக்கிறதுக்கு இதென்ன மீனே?"

"நகுலா..."

"சொல்லுங்கோ."

"அண்டைக்கே. போன் வந்த அண்டைக்கே."

"கரை தெரியுதெண்டு அவன் சொல்லேல்லை."

"இல்லை. தண்ணி ஏறுதெண்டவன்."

அவள் தலையை ஆட்டினாள், தெரிந்த கணக்கொன்று சரிவந்ததுபோல. பிறகு, அவர் பன்னிரண்டு வருடமாக எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை பொய்யையும் அடுக்கினாரோ, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"என்னைக் கேட்டவனோ?"

குளிரறை வாசலில் பிளாஸ்ரிக் கீற்றுகள் தொங்கும். அதனூடாக அன்றைக்கு அவளைக் கண்டார்; முதுகைக் காட்டியபடி பாரை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டு நின்றாள். காதுக்குள், "அக்காவிட்டக் குடுங்கோ அத்தான். ஒருக்கா. அக்காவிட்டக் குடுங்கோ." நடந்து போய்க் கொடுத்திருக்கலாம். எட்டி ஒரு குரல் வைத்திருக்கலாம். அவளுக்குத் தாங்காது என்று நினைத்தார். வேறு ஏதோவும் நினைத்தார். நினைத்துக்கொண்டு நின்றபோதே நாற்பது வினாடி முடிந்துவிட்டது.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் நம்பக்கூடும், பேரம் பேசத் தெரியாதவள். ஆனால் அந்தக் கவிழ்ந்த படம் கையில் இருந்தது.

"ஓம்," என்றார்.

"நான் எங்க நிண்டனான்?"

"மீன் வெட்டிக்கொண்டு."

"பத்தடி," என்றாள் நகுலேஸ்வரி. "குளிரறை வாசலில இருந்து மீன் வெட்டுற மேசைக்குப் பத்தடி. நான் ஒவ்வொருநாளும் கழுவுற நிலம்."

அவர் அவசரமாக, கடைசியாகக் கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். "அந்த மனிசி ஊருக்குப் போய்த் தண்ணியிட்டச் சொல்லுறனெண்டவ. உண்மையா, நகுலா. தம்பியெண்டு சொல்லி..."

"அவ சொல்லுவா." படத்தை அவர் கையிலிருந்து வாங்கி, திருப்பிப் பார்க்காமலே பைக்குள் வைத்தாள். "நீங்கள் சொல்லாதேங்கோ. இனி அவன்ர கதை உங்கட வாயில வரக்கூடாது."

பஸ் புறப்பட்டபோது அவள் முன்வரிசையில் வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். டொரீன் வாசலில் நின்று கைகாட்டினார். ஆனந்தராஜா, "அண்ணை, ஏன் ஊமையாப் போனியள்? ஒரு பகிடி விடுங்கோவன்" என்றார். பின்வரிசையில் ஞானேஸ்வரன் சிரித்தார். சிரிப்பதற்கு வாய் தானே பழகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் உடுத்த சேலையோடு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். சாவு கேட்டால் தலைக்குத் தோய வேண்டும். பன்னிரண்டு வருடம் பிந்திக் கேட்டாலும் தோய வேண்டும். வெளியே படிக்கட்டில் இருந்து ஞானேஸ்வரன் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொதிதண்ணி முடிந்திருக்கும், அவள் குளிர்ந்த தண்ணீரில் நிற்பாள். கதவைத் தட்டக் கையை உயர்த்தி, இறக்கினார். கதவிலிருந்து அவர் இருந்த படி மூன்றடி.

*

பிந்திக் கேட்ட செய்திக்கு, அதுவும் கட்டிக்கொடுத்த சகோதரிக்கு, மூன்று நாள் துடக்குக் காத்து, தீட்டுக் கழித்தால் போதும் என்று ஐயர் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் புறப்பட்டாள். அவர் வழமைபோல் தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அவள் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த ஆறு நாளில் அவள் அவரிடம் பேசியதெல்லாம் கடைச் சாமான்களின் பெயர்கள்தான்.

அருச்சனைச் சிட்டை கொடுக்கும் இடத்தில் பிறேமினி இருந்தாள். கோயிலில் தொண்டு செய்பவள். வருடக்கணக்காக அந்தக் கதிரை அவளுடையது. போன் நம்பரைச் சொல்ல முதலே திரையில் குடும்பம் முழுவதும் வந்துவிட்டது.

"வாங்கோ அக்கா. ஞானேஸ்வரன், சதயம். நகுலேஸ்வரி, உத்தரம். மகள் துஷ்யா, ரோகிணி. சுஜீத், பூரட்டாதி. அதே நாலு பேர்தானே? அடிக்கட்டே?"

"கடைசிப் பேரை எடுத்துவிடும்."

பிறேமினியின் கை நின்றது. அந்தப் பெயரின் கதை கோயிலில் எல்லாருக்கும் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் எடுத்தாள்.

"மற்ற மூண்டும் இருக்கட்டும்தானே?"

"முதல் பேரையும் எடும்."

"அக்கா, எத்தினை பேர் போட்டாலும் விலை ஒண்டுதான். எடுத்தா ஒண்டும் குறையாது."

"எடும்."

பிறேமினி நகுலேஸ்வரியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி ஞானேஸ்வரன் நின்றார். தேங்காய் ஒரு பக்கம் உருண்டு வாழைப்பழத்தில் முட்டி நின்றது.

"ஏனக்கா, அண்ணை இஞ்ச பக்கத்திலதானே நிக்கிறார்?"

"நிக்கட்டும்," என்றாள் நகுலேஸ்வரி.